பன்னிரண்டு பேர் விரும்பிக் கேட்ட பாட்டு

பத்தாம் வீட்டானே, ஞாயிற்றுக்கிழமையானால் போதும், விடிந்தும் விடியாமலும் போனில் நம் குழுவுக்குள் வந்து "இப்ப இன்னா கேட்டுகினு கீறீங்க?" என்று ஒரு கேள்வியைப் போட்டுவிடுகிறாய். நாங்கள் பல் துலக்குவதற்குள் பதில்கள் வந்து குவிந்துவிடுகின்றன. மூன்றாம் வீட்டுக்காரர் மூன்று மாதமாக ஒரே பாட்டைத்தான் கேட்கிறார். ஏன் என்று கேட்டால், "இன்னும் முழுசா புரியல" என்கிறார். எட்டாம் வீட்டுப் பெண்ணுக்கு அறுபது ஆகப்போகிறது. அவள் பாட்டை விட்டுவிட்டு, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் வயலினைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறாள். பன்னிரண்டாம் வீட்டார் பேரனோடு சேர்ந்து புதுப் பாட்டு கேட்கிறாராம். பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருக்கிறாராம்.

நான் மட்டும் இரண்டு வருடமாக ஒரு பதிலும் போட்டதில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நழுவிவிடுவேன். "அஞ்சாம் வூட்டு மேடத்துக்கு காதே இல்ல போல" என்று நீ சீண்டினாய். காது இருந்தது. பயம்தான் பாட்டை உள்ளே விடவில்லை. இன்று பதில் சொல்கிறேன். நீளமாக இருக்கும், காபியை ஆற்றி வைத்துக்கொண்டு படியுங்கள்.

நாம் எல்லோரும் ஆவடி குடியிருப்பில் ஒரே வரிசையில் பன்னிரண்டு வீடுகளில் வளர்ந்தவர்கள். நம் அப்பாக்கள் எல்லோருக்கும் ஒரே தொழிற்சாலை, ஒரே சங்கு. சேலம், தஞ்சாவூர், நெல்லை, மதுரை என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து, ஆளுக்கொரு தமிழ் பேசிக்கொண்டு, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம். ராணுவ டாங்கிகளைச் சோதித்துப் பார்க்கும் நாட்களில் தரை அதிரும். எங்கள் வீட்டு வால்வு ரேடியோவின் முள் தானாக நகர்ந்து, பாட்டு போய் இரைச்சல் வரும். அம்மா ஓடிவந்து ரேடியோவின் தலையில் ஒரு தட்டு தட்டுவாள். அதற்கு அம்மா தைத்துப் போட்டிருந்த உறையில் இரண்டு கிளிகள் இருந்தன. ஸ்டேஷன் சரியாகப் பிடிபட்டால் ரேடியோவின் பச்சைக் கண் ஒடுங்கும். அந்தக் கண் ஒடுங்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு நிறைந்ததுபோல் இருக்கும்.

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடை அது. அந்தக் கோடை முழுக்க ஒரே ஒரு பாட்டுதான் ஓடியது. எந்தப் பாட்டு என்று உங்களுக்குத் தெரியும், நான் சொல்லவேண்டியதில்லை. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுகிற பாட்டு. காய்கறிக்காரர் கூட அதைத்தான் முனகிக்கொண்டு தராசைத் தூக்கினார்.

நேயர் விருப்பத்துக்குக் கார்டு போடுவது நம் வரிசையின் வேலை. எழுதுவது என் வேலை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் என்னை "கிளார்க்கு" என்று கூப்பிட்டது ஏழாம் வீட்டு அண்ணன். அவருக்குச் சொந்த ஊர் பூந்தமல்லி. தன் அக்கா வீட்டில் தங்கி, தொழிற்சாலையில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். தியேட்டர் வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகங்களை எல்லாம் சேர்த்து, சணல் கயிற்றால் தைத்து, அட்டை போட்டு, செங்கல் தடிமனுக்கு ஒரு புத்தகம் வைத்திருந்தார். யாருக்கும் இரவல் தரமாட்டார். அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அங்கேயே படித்துவிட்டுப் போகவேண்டும்.

"கார்டுல ரெண்டு பேரு மூணு பேரு போட்டா தூக்கி கடாசிடுவானுங்கோ. பன்னெண்டு பேரு போட்டாத்தான் பயப்படுவானுங்கோ" என்பார் அண்ணன். வீட்டுக்கு ஒரு பெயராகப் பன்னிரண்டு பெயர்.

யார் பெயர் முதலில் வருவது என்பதில் குடுமிப்பிடிச் சண்டை. ஒருமுறை நான்காம் வீட்டு அத்தை தன் பெயர் ஒன்பதாவதாக வந்ததற்காக எங்கள் வீட்டுக்கு மூன்று நாள் உறைமோர் தரவில்லை. அதனால் அண்ணன் ஒரு சட்டம் போட்டார். ஒரு கார்டுக்கு ஒன்றாம் வீடு முதல் பெயர், அடுத்த கார்டுக்கு இரண்டாம் வீடு முதல் பெயர். அங்கிருந்து வீட்டு எண் வரிசைப்படி சுற்றி வரவேண்டும். அந்தப் பாட்டுக்குக் கார்டு எழுதியபோது முதல் பெயர் ஆறாம் வீட்டுக்கு வந்தது.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன்.

ஆறாம் வீட்டில் ரேடியோ கிடையாது. அந்த வீட்டு மாமா ஃபோர்மேன், நெல்லைக்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பெஞ்சு. சினிமாப் பாட்டு காதில் விழுந்தால் ஜன்னலைச் சாத்துவார். அவர் மகளைத்தான் நான் அக்கா என்பேன். டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள், சர்ச் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடுவாள். மாமா வேலைக்குப் போனதும் எங்கள் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்று பாட்டு கேட்பாள். சும்மா கேட்கமாட்டாள். பாடுகிறவரின் குரலுக்குக் கீழே, பாட்டில் இல்லாத இன்னொரு குரலை மெதுவாகச் சேர்ப்பாள். பாட்டு திடீரென்று அகலமாகிவிடும். இன்றுவரை அதுபோல் நான் கேட்டதில்லை.

வழக்கமாக ஆறாம் வீட்டுக்கு அக்காவின் தம்பி பெயரைத்தான் போடுவோம். அவன் சின்னப் பையன், திட்டு விழாது. ஆனால் இந்த முறை முதல் பெயர் ஆயிற்றே. அக்காவின் பெயர் ரேடியோவில் வந்தால் அவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். அவளைக் கேட்காமல், யாரையும் கேட்காமல், அவள் பெயரை எழுதினேன். அடுத்த பெயர் சட்டப்படி ஏழாம் வீடு, அண்ணன். பிறகு எட்டு, ஒன்பது என்று சுற்றிவந்து, ஐந்தாம் வீட்டு நான் கடைசி. எழுதி முடித்து, போகிற வழியில் தபால் பெட்டியில் போடச் சொல்லி, எப்போதும்போல் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் கார்டைப் படித்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்துப் படித்தார். "சரி கிளார்க்கு" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வாரம் போனது. மே மாதக் கடைசியில் ஒரு மாலை. வெயிலில் சிமெண்டுத் தரை கொதித்து, அம்மா வாசலில் தண்ணீர் தெளித்த வாசனை வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வீட்டில் பதினோரு வீட்டு ரேடியோக்களும் ஓடின. அக்கா எங்கள் சுவரில் சாய்ந்திருந்தாள். அறிவிப்பாளர் அந்தப் பாட்டைச் சொன்னார். ஆவடியிலிருந்து விரும்பிக் கேட்பவர்கள் என்றார். அக்காவின் பெயரைச் சொன்னார். அடுத்து அண்ணனின் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான், பாட்டு ஆரம்பித்துவிட்டது.

மற்ற பத்துப் பெயர்கள் எங்கே? நேரம் இல்லை போலிருக்கிறது, வெட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். என் பெயர் வராததில் அழுகைகூட வந்தது. அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த சிரிப்பு இல்லை. அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் ஃபோர்மேன் மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அன்று அவருக்கு இரண்டாவது ஷிஃப்ட் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அக்கா டைப்ரைட்டிங் வகுப்பில் இருந்த நேரம், யாருக்காகவோ ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு காலையிலேயே போயிருக்கிறார். பன்னிரண்டாம் வீட்டுப் பக்கமிருந்து நடந்து வந்தவருக்கு, தன் மகளின் பெயரும் ஓர் இளைஞனின் பெயரும் ஜோடியாக, ஜன்னல் ஜன்னலாகக் கேட்டிருக்கின்றன. ஒரு வீட்டில் கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பார். எத்தனை வீட்டுக்குப் பொத்துவார், பாவம்.

சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் அப்படியே கீழே விட்டார். டிபன் கேரியர் உருண்டது.

"எம் புள்ள பேரை ரேடியோப் பெட்டியில ஏத்துனது எவம்ல? வெளியில வாலே!"

நான் ரேடியோவின் திருகில் கை வைத்தபடி நின்றேன். நான்தான் மாமா என்று சொல்லவேண்டும். நானோ திருகைத் திருப்பிச் சத்தத்தைக் குறைத்தேன். அப்போது ஏழாம் வீட்டுக் கதவு திறந்து, பனியனோடு அண்ணன் வெளியே வந்தார்.

"நான்தான் மாமா எழுதுனேன். வேற யாருக்கும் சம்பந்தம் இல்ல."

மாமா அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. அண்ணனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுக்குள் வந்து அக்காவைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பாட்டு முடியும்வரை அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதிய கார்டுக்கு, தபாலில் போட்ட பாவத்துக்காக, எனக்குப் பதிலாக அண்ணன் பழியை ஏற்றுக்கொண்டார் என்று புரிந்துகொண்டேன். பதினொரு வயதுக்கு அது பெரிய பாரம்.

ஒரே வாரத்தில் அக்காவை நெல்லைக்கு அவள் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அண்ணன் தன் அக்கா வீட்டை விட்டு நெமிலிச்சேரியில் ஒரு அறைக்குப் போய்விட்டார். போகும்போது என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார், நான் உள்ளே ஓடி ஒளிந்துகொண்டேன். எங்கள் வீட்டு ரேடியோவுக்கு அம்மா கிளி உறையை மாட்டி முடிச்சுப் போட்டாள்.

"ஒரு பாட்டால ஒரு பொண்ணு வாழ்க்கையே போச்சு" என்று அப்பாவிடம் சொன்னாள். "இனிமே அவளுக்கு எவன் கிடைச்சாலும் கட்டிவெச்சிருவாங்க."

அம்மாவுக்குக் கார்டை எழுதியது நான் என்று தெரியாது. தெரியாமல்தான் சொன்னாள். ஆனால் அந்த வாக்கியம் எனக்கு என்றே எழுதியதுபோல் வந்து சேர்ந்தது. அந்த ஜூனில் அப்பாவுக்குத் திருச்சிக்கு மாற்றலாகி நாங்கள் போய்விட்டோம்.

அதன்பிறகு நான் அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை. ஆட்டோவில் வந்தால் நிறுத்தச் சொல்வேன், தலைவலி என்பேன். என் மகன் கல்யாணத்தில் மெல்லிசைக் குழு அதை ஆரம்பித்ததும், பந்தியில் அப்பளம் வந்ததா என்று பார்க்கப் போனேன். அப்பளத்துக்கு மூன்று பேர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். பணி ஓய்வுக்குப் பிறகு அம்பத்தூர் மேனாம்பேட்டில் வீடு வாங்கி வந்தேன். ஆவடி மூணு ஸ்டேஷன் தள்ளித்தான், ஆனால் நம் வரிசைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. குழுவில் நீங்கள் யாராவது ஆறாம் வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அதனால் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கக்கூடியது எனக்குத் தெரியாமலே போனது. என் முட்டாள்தனத்துக்கு வேறு யாரும் பொறுப்பில்லை.

போன மாதம், பத்தாம் வீட்டானே, நீ பட்டாபிராமில் ஒரு கல்யாணத்தில் அக்காவைப் பார்த்து, எண் வாங்கிக் குழுவில் சேர்த்தாய். அக்கா "நான் ஆறாம் வீடு" என்று போட்டாள். எல்லோரும் பூங்கொத்து அனுப்பினீர்கள். அடுத்த ஞாயிறு உன் கேள்விக்கு அக்கா பதில் போட்டாள். அதே பாட்டு. முதல் வரியை மட்டும் எழுதியிருந்தாள்.

வாழ்க்கையைக் கெடுத்த பாட்டை யாராவது ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து கேட்பார்களா? ஒருவேளை எழுதியவளைத் தேடுகிறாளோ? இரண்டு நாள் போனைக் கவிழ்த்தே வைத்திருந்தேன். மூன்றாம் நாள், வருவது வரட்டும் என்று போன் செய்தேன்.

"அக்கா, நான் அஞ்சாம் வீடு பேசறேன்."

"ஏட்டி, நீயா! எங்கட்டி போய்த் தொலைஞ்ச இத்தன வருஷம்?" அந்தக் குரலின் அடியில் இன்னும் அந்த இரண்டாம் குரல் இருந்தது. "நாளைக்கே வா. வேப்பம்பட்டுல எறங்கு. ஸ்டேஷனாண்டதான் ஊடு."

நெல்லை நாக்கில் 'ஸ்டேஷனாண்ட' எப்படி வந்தது என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. மறுநாள் காலை அம்பத்தூரில் ரயில் ஏறினேன். சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். நெமிலிச்சேரி வந்தபோது வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேப்பம்பட்டில் இறங்கினால், பிளாட்பாரத்தில் ஒரு வயதானவர் காதில் இயர்போனோடு நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு காதைக் கழற்றினார்.

"இன்னா கிளார்க்கு, ட்ரெயின் லேட்டா?"

என்னை அந்தப் பெயரில் கூப்பிட்டவர் உலகத்தில் ஒருவர்தான்.

"அண்ணே! நீங்க எப்படி இங்க?"

"நான் வேற எங்க இருப்பேன்? என் ஊட்லதான் கீறேன். உங்கக்காதான் அனுப்பிச்சா, போயி கூட்டிகினு வான்னு."

பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். சமோசா விற்கிறவர் நின்று பார்த்தார். "ஒண்ணுமில்ல நைனா, சொந்தக்காரங்கோ" என்று அவரை அனுப்பிவைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் அக்கா இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தலை முழுக்க வெள்ளை. நான் உட்காராமலேயே சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன் பெயரைப் போட்டது நான், கார்டு எழுதியது நான், மாமா கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான்.

அக்கா அண்ணனைப் பார்த்தாள். இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அக்காவுக்குப் புரையேறிவிட்டது.

"ஏட்டி, லூசு! உன் கார்டுல பன்னெண்டு பேரு இருந்துச்சுல்லா? ரேடியோக்காரன் ரெண்டு பேரோட நிப்பாட்டுனான். ஏன்னு யோசிக்கலையா நீ?"

"நேரமில்லன்னு வெட்டிட்டாங்கன்னு..."

"எவனும் வெட்டல. அந்தக் கார்டு நான் எழுதுனது."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"இவரு உன் கார்டைக் கொண்டாந்து எங்கிட்ட காட்டுனாரு. என் பேரும் அவரு பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்குன்னு ஒரே பூரிப்பு. அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசுனதில்ல பாத்துக்க. எனக்குத் துணிச்சல் வந்துட்டு. நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல பத்துப் பேரு எதுக்குன்னு நானே ஒரு கார்டு எழுதிப் போட்டேன். அப்பாவுக்கு செகண்ட் ஷிஃப்ட்னு நெனச்சிட்டேன், அதுதான் என் தப்பு."

அப்படியானால் அண்ணன் அன்று தெருவில் ஏற்றுக்கொண்ட பழி எனக்காக இல்லை. நான் அதில் எங்குமே இல்லை. இத்தனை வருடமாக யாரோ ஒருவர் காதல் கதையில் வில்லி வேஷம் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருக்கிறேன். நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை எடுத்துக் கீழே வைத்ததுபோல் இருந்தது. இடியாப்பம் ஐந்து சாப்பிட்டேன்.

அத்தை வீட்டில் வந்த இரண்டு வரன்களை அக்கா வேண்டாம் என்றாளாம். டீச்சர் வேலை வாங்கிக்கொண்டு பட்டாபிராமுக்கே திரும்பி வந்தாளாம். இருவரும் சேர நான்கு வருடம் பிடித்தது. மாமா கல்யாணத்துக்கு வந்தார், போட்டோவில் மட்டும் சிரிக்கவில்லை. "கடைசிவரைக்கும் சினிமாப் பாட்டு கேக்கல அப்பா. ஆனா பேத்தி பாடுனா மட்டும் எந்திரிச்சுப் போகமாட்டாங்க" என்றாள் அக்கா. அம்மா இன்று இருந்திருந்தால், அவள் சொன்ன வாக்கியத்தை மாற்றி எழுதித் தந்திருப்பேன்.

"அக்கா, என் கார்டு என்னாச்சு?" என்று அப்புறம்தான் கேட்டேன்.

அண்ணன் எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தச் செங்கல் புத்தகத்தை எடுத்து வந்தார். சணல் கயிறு இற்றுப்போய், நைலான் கயிறு போட்டிருந்தார். நடுவில் பிரித்தார். பழுப்பேறிய ஒரு தபால் கார்டு. என் முத்துக் கையெழுத்து. முத்திரை விழாத கார்டு.

"போட மனசு வரல கிளார்க்கு. பக்கத்துல பக்கத்துல எழுதி வெச்சிருந்த, எப்புடி போடறது? உன் பேரு ரேடியோல வராம பண்ணதுக்கு மன்னிச்சிக்க." தொண்டையைச் செருமினார். "இரு. இப்ப படிக்கிறேன்."

எழுந்து நின்று, கார்டை மூக்குக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்து, பூந்தமல்லித் தமிழை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அறிவிப்பாளர் குரலில் ஆரம்பித்தார். "அடுத்ததாக ஒலிபரப்பாகும் இந்தப் பாடலை விரும்பிக் கேட்பவர்கள், ஆவடி குடியிருப்பிலிருந்து..." ஆறாம் வீடு, ஏழாம் வீடு, எட்டாம் வீடு. அங்கே அக்கா குறுக்கிட்டாள். "எட்டாம் வீட்டு அத்தை போன வருஷந்தான் தவறிட்டாங்க, பாவம்."

"ப்ரோக்ராம் ஓடிகினு கீது. நடுவுல பேசாத" என்று அதட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பிறகு போனில் பாட்டைப் போட்டார். இத்தனை காலத்துக்குப் பிறகு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கேட்டேன். இரண்டாவது சரணத்தில் அக்கா அடுப்படியிலிருந்தே அந்த இன்னொரு குரலைச் சேர்த்தாள். பாட்டு அகலமானது.

பத்தாம் வீட்டானே, நீ கேட்டதற்கு இதுதான் பதில். அண்ணன் படித்ததையும் பாட்டையும் நான் என் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். கீழே அனுப்பியிருக்கிறேன். இருக்கிறவர்கள், இல்லாதவர்கள் எல்லோர் பெயரும் அதில் இருக்கிறது, வீட்டு எண் வரிசைப்படி. யாரும் சண்டைக்கு வரக்கூடாது. என் பெயர் கடைசியில்தான் வரும். அதுவரை நிறுத்தாமல் கேளுங்கள்.